களைப்புக்கு மூலிகை: ஓ.பி. சீட்டில் ஒரு வரி வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

கல்லிடைக்குறிச்சியில் வீட்டிலேயே அப்பளம் இட்டு விற்கும் என் தங்கை மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிட்டு வருகிறாள். அழுகை நின்றது, தூக்கமும் வந்தது. களைப்பு மட்டும் விடவில்லை. நாலு அப்பளம் தேய்ப்பதற்குள் கட்டையை வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்துவிடுகிறாள். ஈரத்துணி போட்டு மூடிய உளுந்து உருண்டைகள் சாயங்காலம் வரை அப்படியே கிடக்கும். மனச்சோர்வு தணிந்த பிறகும் பலருக்கு இந்த அசதி தங்கிவிடும். அதைச் சோம்பல் என்று பேசுகிறவர்கள் மேல் எனக்குக் கோபம்தான் வருகிறது.

வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும், “இங்கிலீஷ் மாத்திரையை நிறுத்து, அமுக்கராப் (அஸ்வகந்தா) பொடியைப் பாலில் கலந்து குடி” என்கிறார்கள். பொதிகை மலையடிவாரத்தில் பிறந்த எனக்கு மூலிகையில் நம்பிக்கை நிறையவே உண்டு. ஆனால் ‘நிறுத்து’ என்று கேட்டாலே வயிறு கலங்குகிறது. இந்த மாத்திரைகளைத் திடீரென நிறுத்தினால் தலைசுற்றலும் எரிச்சலும் வரும்; நோயும் திரும்பலாம்.

பாளையங்கோட்டையில் நாங்கள் பார்த்த சித்த மருத்துவர், மாத்திரை அட்டைகளை வாங்கி ஒவ்வொன்றாகப் படித்தார். முதலில் ரத்தசோகைக்கும் தைராய்டுக்கும் பரிசோதனை எழுதிக் கொடுத்தார். ரத்தம் குறைவாகத்தான் இருந்தது. அமுக்கரா, தூக்க மாத்திரையோடு சேர்ந்தால் மயக்கத்தைக் கூட்டும், தைராய்டு சுரப்பையும் ஏற்றக்கூடும், கர்ப்பிணிகளுக்கு ஆகாது என்றார். அமுக்கராச் சூரணம் என்ற சித்த மருந்துப் பொடியில் மிளகும் திப்பிலியும் சேர்கின்றன. அவற்றிலுள்ள பைப்பரின் என்ற காரப்பொருள் சில மாத்திரைகளின் அளவை ரத்தத்தில் உயர்த்தக்கூடும் என்பதையும் அவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டோம். அமுக்கராவைப் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் சிறியவை என்பதை அவர் மறைக்கவில்லை. பக்கத்து வீட்டார் வாங்கி வந்த பொடியோ வெறும் தாளில் மடித்தது. தயாரித்தவர் பெயருமில்லை, தேதியுமில்லை.

தங்கைக்கு வைத்தியம் பார்க்கும் மனநல மருத்துவர், நாட்டு மருந்து ஏதாவது சாப்பிடுகிறாயா என்று இதுவரை கேட்டதேயில்லை. சொன்னால் திட்டுவார் என்று பயந்து நோயாளிகளும் வாய் திறப்பதில்லை.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, அரசு சித்த மருத்துவக் கல்லூரி இரண்டும் பாளையங்கோட்டையிலேயே இருக்கின்றன. இரண்டு இடத்து ஓ.பி. சீட்டிலும் ‘வேறு என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள்?’ என்று ஒரு வரி அச்சிட்டு, மருத்துவரே கேட்டு எழுத வேண்டும். களைப்பு என்று வருகிறவரைச் சூரணத்தோடு அனுப்பும் முன் ரத்தப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். மாவட்ட நிர்வாகம் மனம் வைத்தால் அடுத்த முறை சீட்டு அச்சடிக்கும்போதே இதைச் செய்துவிடலாம்.

ஓய்வுபெற்ற ஆசிரியை,
அம்பாசமுத்திரம்