பொமேட் வேறு, ஜெல் வேறு

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஆண்களின் தலைமுடிப் பூச்சுகள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை, அயர்லாந்தில் குளோனிகாவன் என்ற இடத்தில் 2003இல் கிடைத்த பழங்கால உடலின் தலையில் 'ஹேர் ஜெல்' இருந்ததாகச் சொல்கிறது. பல இடங்களில் அப்படித்தான் எழுதுகிறார்கள். ஆனால் சுமார் 2,300 ஆண்டுகளுக்கு முந்தைய அந்தப் பூச்சு தாவர எண்ணெயும் பைன் மரப் பிசினும் கலந்தது. அதை பொமேட் (எண்ணெய்ப் பசையான தலைமுடிக் களிம்பு) வகையில்தான் சேர்க்க வேண்டும்.

பொமேட் எண்ணெய்க்கும் கொழுப்புக்கும் பிறந்தது. பழைய களிம்புகளில் ஆப்பிளை மசித்துச் சேர்த்ததால் வந்த பெயர் அது. அவற்றில் இருந்த விலங்குக் கொழுப்பு சில வாரங்களில் சிக்கு வாடை அடிக்கும். அதை அமுக்கத்தான் அவ்வளவு வாசனைத் தைலம். 1872இல் ராபர்ட் செஸ்பரோ காப்புரிமை பெற்ற வாசலின், கெட்டுப்போகாத அடித்தளத்தைத் தந்தது. 1928இல் பர்மிங்காமில் வந்த பிரில்கிரீம் என்ற தலைமுடிக் கிரீமில் மினரல் ஆயிலும் தண்ணீரும் தேன்மெழுகின் துணையோடு குழைந்திருக்கும். தண்ணீர் ஆவியானதும் முடியில் நிற்பது எண்ணெய்ப் படலம்தான். (நாற்காலிச் சாய்மானத்தில் துணி போடும் வழக்கமே தலையில் தடவிய மக்காசர் எண்ணெயின் கறைக்குப் பயந்து வந்தது. ஆன்டிமக்காசர் என்றே அதற்குப் பெயர்.)

ஜெல்லின் பூர்வீகம் ஆய்வுக்கூடம். 1930களில் ஜெர்மனியில் வேதியியலாளர் வால்டர் ரெப்பே உருவாக்கிய பி.வி.பி. என்ற பாலிமர், போர்க்காலத்தில் ரத்த பிளாஸ்மாவுக்கு மாற்றாகப் பயன்பட்டது. தலைக்கு வந்தது அதன் பிறகே. அது தண்ணீரில் கரையும், காய்ந்தால் விறைத்த படலமாகும். காய்ந்த பின் சீப்பு போட்டால் படலம் நொறுங்கி, பொடுகுபோல் வெள்ளையாக உதிரும். கையை நனைத்துத் தடவினால் மறுபடி இளகும்.

எது எதுவென்று சந்தேகமா? உள்ளங்கையில் கொஞ்சம் எடுத்து ஒரு சிட்டிகை உப்பைத் தூவித் தேய்த்துப் பாருங்கள். கார்போமர் என்ற கெட்டியாக்கும் பொருள் சேர்த்த ஜெல் என்றால் கெட்டித்தன்மை போய் நீராக ஓடும். பொமேடில் உப்பு நறநறக்கும், அவ்வளவுதான்.

'இரண்டையும் ஷாம்பு போட்டு அலசினால் போதும்' என்ற கட்டுரையின் யோசனைதான் உண்மையில் தொல்லை. ஜெல்லுக்கு வெதுவெதுப்பான தண்ணீரே போதும். மெழுகு கலந்த பொமேடுக்கு முதலில் தண்ணீர் ஊற்றினால் தண்ணீர் வழுக்கி ஓடிவிடும். ஷாம்பும் நீர்த்துப்போய் மெழுகைத் தொடாது. உலர்ந்த தலையில் ஒரு தேக்கரண்டி ஏதாவதொரு எண்ணெய் தேய்த்து, ஐந்து நிமிடம் ஊறவிட்டு, பெரிய பல் சீப்பால் வாரி எடுக்க வேண்டும். பிறகு தண்ணீர் படாமலே ஷாம்பு போட்டுக் கசக்கி, அதன் பின் அலச வேண்டும். பெரும்பாலும் இரண்டாம் முறை ஷாம்பு போட்டால்தான் நுரை வரும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்