கையெழுத்துப் போடாதே, பாப்பா

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. "தம்பி கேட்டால் வந்து கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுகிறேன் அம்மா, எனக்குத்தான் சம்பளம் வருகிறதே" என்று ஞாயிற்றுக்கிழமை போனில் சொன்னாய். அன்றிலிருந்து எனக்குச் சரியான தூக்கம் இல்லை. போனில் பேசினால் அழுதுவிடுவேன் என்றுதான் எழுதுகிறேன்.

கண்மாய்க்குக் கீழே உள்ள ஒன்றே முக்கால் ஏக்கர், உன் அப்பாவுக்கு அவர் அப்பா வழியில் வந்தது. அதில் உன் பங்கை விட்டுக்கொடுத்து எழுதும் பத்திரத்துக்குப் பெயர் விடுதலைப் பத்திரம். அந்தப் பெயரைக் கேட்டாலே எனக்கு வயிறு எரிகிறது. அப்படி ஒன்றில் நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். உன் அம்மாச்சியும் போட்டிருக்கிறாள்.

1991இல், படிக்காதவர்களுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்கும் அறிவொளி இயக்கம் நம் புதுக்கோட்டை மாவட்டத்துக்கு வந்தது. பத்தாவது படித்தவள் என்பதால் என்னையும் தொண்டராகச் சேர்த்துக்கொண்டார்கள். அப்போது கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத், பெண்கள் சைக்கிள் கற்பதையும் இயக்கத்தோடு சேர்த்துவிட்டார். பொட்டலில் விழுந்து எழுந்து நானும் கற்றேன். நம் வீட்டில் இருந்தது ஆண்கள் சைக்கிள். அதன் முன் கம்பியில் துண்டைச் சுற்றி, இரண்டு வயதுப் பிள்ளையான உன்னை உட்கார வைத்து, சாயங்காலம் நான்கு கிலோமீட்டர் மிதித்து அம்மாச்சி ஊருக்குப் போவேன். அரிக்கேன் விளக்கடியில் என் அம்மாவுக்கு நானே எழுத்துச் சொல்லிக் கொடுத்தேன். களை பறித்துக் காய்த்த விரல் பென்சிலுக்கு வளையவே இல்லை. தன் பெயரை முழுதாக எழுத அவளுக்கு ஒன்றரை மாதம் ஆனது. எழுதிய அன்று அந்தச் சிலேட்டை யாரையும் அழிக்க விடவில்லை.

தாத்தா இறந்த மறு வருடம், 2007இல், பெரிய மாமா எங்கள் இருவரையும் பத்திர ஆபீசுக்கு அழைத்துப் போனார். ரேகை உருட்ட மைப்பெட்டியை நீட்டியவரிடம், "எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும்" என்றாள் அம்மாச்சி. எல்லோரிடமும் ரேகையும் வாங்குவார்கள் என்று அவளுக்குத் தெரியாது. எழுத்துக் கூட்டி நிதானமாகப் போட்டாள். கீழே நான் போட்டேன். நான் கற்றுக்கொடுத்த எழுத்து, எங்கள் இருவரையும் நிலத்திலிருந்து எழுதி வெளியேற்றிவிட்டது.

1929இல் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாட்டிலேயே பெண்ணுக்குச் சம சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். தமிழ்நாட்டில் பரம்பரைச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்று சட்டம் வர 1989 ஆனது. அதுவும் அந்த வருடம் மார்ச் 25க்கு முன்பே திருமணமானவர்களுக்கு இல்லை. எனக்குத் திருமணமானது 1988 ஆவணியில். ஏழு மாதத்தில் எனக்கு இல்லாமல் போனது. 2005 செப்டம்பரில் மத்திய அரசின் திருத்தம் அந்தத் தடையை எடுத்துவிட்டது. ஆக, நான் கையெழுத்துப் போட்ட நாளில் எனக்கு முழு உரிமை இருந்தது. யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் போட்டிருப்பேன் என்பதுதான் உண்மை. அண்ணன் முகம் சுளித்தால் பிறந்த வீட்டு வாசல் அடைந்துவிடுமே என்ற பயம். அந்தப் பயம் உனக்கும் இருக்கிறது. சம்பளத்தைக் காட்டி அதை நீ மறைக்கிறாய்.

மாமா கெட்டவர் இல்லை. உன் காதுகுத்துக்கும் தம்பி காதுகுத்துக்கும் குறையில்லாமல் சீர் செய்தார். ஆனால் உன் அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஐம்பதாயிரம் ரூபாய்க்காக அவர் திண்ணையில் அரை நாள் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் கொடுத்தார், கடனாக. எதிரே நெல் விளைந்து நின்றது. அந்த வயலில் எனக்கும் பங்கு இருந்தது என்பது அந்தத் திண்ணையில்தான் எனக்கு உறைத்தது.

நீ ஓசூரில் தனியாக வீடு எடுத்து, கார் ஓட்டி, பிள்ளையைப் பள்ளியில் விட்டு வேலைக்குப் போகிறாய். பார்க்கப் பார்க்க எனக்கு நெஞ்சு நிறைகிறது. ஆனால் சம்பளம் கம்பெனி நினைத்தால் நிற்கும். போன வருடம் உன் தோழிக்கு நின்றதை நீதானே சொன்னாய்? நிலத்தை விற்கச் சொல்லவில்லை, தம்பியோடு சண்டை போடவும் சொல்லவில்லை. அவனே உழட்டும். உன் பெயர் அதில் இருக்கட்டும். பிறப்பாலேயே மகளுக்கு வரும் உரிமை அது என்று 2020இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. தம்பி தருவதும் அல்ல, நான் தருவதும் அல்ல.

தம்பியிடம் நானே சொல்லிவிட்டேன். இரண்டு நாள் பேசவில்லை. என் வயிற்றில் பிறந்தவன்தானே, அவன் பேசாமல் இருந்ததும் எனக்கு வலித்தது. இன்று காலை மோட்டார் போடக் கிளம்பும்போது, "அக்கா எப்போது வருகிறது?" என்று மட்டும் கேட்டான்.

பொங்கலுக்கு இரண்டு நாள் முன்னதாகவே வா. ஆதார் நகல் கொண்டு வா. இ-சேவை மையத்தில் கூட்டுப் பட்டாவுக்கு மனு கொடுக்க வேண்டும், மூன்று பேர் பெயரிலும். அம்மாச்சியின் சிலேட்டைப் பரணிலிருந்து எடுத்துத் துடைத்து வைத்திருக்கிறேன், உன் மகளுக்கு.

அன்புடன்,
அம்மா