பாழ்மனையில் கிடைக்கும் வெள்ளிக் காசை உருக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கம் ஆளில்லாமல் கிடக்கும் பாழ்மனைகளில் மெட்டல் டிடெக்டரோடு இறங்குகிறவர்களுக்கும், இடிபாட்டை அள்ள ஜேசிபி அமர்த்துகிறவர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். கிடைத்த வெள்ளி ரூபாயை எடைக்குப் போட்டு உருக்கிவிடுவது பெரிய இழப்பு. அரசு எல்லாவற்றையும் பிடுங்கிக்கொள்ளும் என்ற பயமே பெரும்பாலும் அதற்குக் காரணம். சட்டத்தில் உள்ளது வேறு.

முதலில் தரையைப் பற்றி. செட்டிநாட்டுச் செம்புறாங்கல்லில் இரும்பு ஆக்சைடு அதிகம். சுட்ட செங்கல்லும் ஓட்டுத் துண்டும்கூடக் கருவியைக் கத்த வைக்கும். உலோகமே இல்லாத ஓர் இடத்தில் கருவியின் அடியில் உள்ள வட்டத் தட்டான காயிலை ஏற்றி இறக்கி, சத்தம் அடங்கும்வரை கிரவுண்ட் பேலன்ஸ் (தரைக்கு ஏற்பக் கருவியைச் சரிசெய்வது) செய்துகொள்ள வேண்டும். செம்புறாங்கல் மேட்டிலிருந்து ஊருணிக் கரைக் கரம்பைக்கு வந்தால் மறுபடியும் செய்தாக வேண்டும். மண் சாதுவாக இருக்கும் இடத்தில் ஒரு ரூபாய்க் காசை 20 செ.மீ. ஆழம் வரை பிடிக்கும் கருவி, செம்புறாங்கல் தரையில் அதில் பாதிகூடப் பிடிக்காமல் போகலாம்.

அடுத்த தொல்லை ஆணி. தேக்குச் சட்டங்களையும் கதவு நிலைகளையும் பிரித்து விற்ற வீடுகளில் கட்டிடத்தின் ஆணியெல்லாம் தரையில்தான் உதிர்ந்து கிடக்கிறது. பெரிய காயில் ஒரே நேரத்தில் நாலைந்து ஆணிகளைப் பார்க்கும்; நடுவில் உள்ள வெள்ளி மறைந்துபோகும். ஆறு அங்குலக் காயிலைப் போட்டு, மெதுவாக, ஒரு வீச்சின் மேல் அடுத்த வீச்சு பாதி ஏறும்படி நகர்த்த வேண்டும். வெள்ளி நல்ல மின்கடத்தி என்பதால், கருவியின் திரையில் உலோகத்தைக் காட்டும் எண் உயரத்தில் நிற்கும். ஆனால் துருப்பிடித்த வளையமும் வளைந்த ஆணியும் அதே உயரத்துக்கு ஏறி ஏமாற்றும். நின்ற இடத்திலிருந்து கால் வட்டம் சுற்றி வந்து குறுக்காக மறுபடி வீசிப் பாருங்கள். காசு என்றால் எண்ணும் சத்தமும் அனேகமாக மாறாது. ஆணி என்றால் உடையும். முகப்பும் வளவும் (உள்முற்றப் பகுதி) இடிந்து காரை மேடாகிவிட்ட இடத்தில் பழைய தளம் கருவிக்கு எட்டாத ஆழத்தில் இருக்கும். வாசல், கிணற்றடி, ஊருணிப் படிக்கட்டு ஓரம் போன்ற இடங்களில் கை தவறி விழுந்த ஒற்றைக் காசுகள்தான் டிடெக்டருக்கு அகப்படும். புதைத்து வைத்த பானை பெரும்பாலும் அஸ்திவாரம் தோண்டும்போது வெளிவருகிறது. ஜேசிபி ஓட்டுநரிடம் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும் என்பது அதனால்தான்.

தோண்டும்போது மண்வெட்டியால் நேரே கொத்தினால் காசின் முகத்தில் வெட்டு விழும். ஒரு சாண் தள்ளி வட்டமாகக் கொத்தனார் கரண்டியால் மண்ணைப் பெயர்த்து, பின்பாயிண்டர் என்ற கையடக்கச் சிறு டிடெக்டரால் இடத்தைக் குறுக்கிக்கொண்டே போக வேண்டும். இரண்டாவது காசோ பானை விளிம்போ தெரிந்தால் அந்த நிமிடமே நிறுத்துங்கள். அளவுகோலை வைத்துப் படம் எடுங்கள், ஆழத்தைக் குறியுங்கள், கைபேசியில் இடத்தைப் பதியுங்கள். பானையைக் கவிழ்க்காதீர்கள். உள்ளே இருப்பவற்றில் மிகப் புதிய காசுக்கு முன்னால் அது மூடப்பட்டிருக்க முடியாது. காலம் சொல்லும் சாட்சி அந்த ஒரு காசுதான்.

1835-இல் நான்காம் வில்லியம் மன்னர் தலையோடு வந்த கிழக்கிந்தியக் கம்பெனி ரூபாயிலிருந்து 1939 வரை எடை 11.66 கிராம், வெள்ளி 91.7 சதவீதம். 1940 முதல் 1945 வரை வெள்ளி 50 சதவீதமாகக் குறைந்தது. 1947-இல் நிக்கல் வந்துவிட்டது. போர்க் காலத்தில் பழைய உயர்தர வெள்ளியை அரசு படிப்படியாகத் திரும்பப் பெற்றது. ஆகவே ஒரு பானையில் 1940-க்கு முந்தியவை மட்டுமே இருப்பதற்கும், இரண்டும் கலந்து இருப்பதற்கும் பொருள் வேறு; கலந்து இருந்தால் அது 1940-க்கு முன் மூடியதாக இருக்க முடியாது. கூடவே மலாயா, சிங்கப்பூர் பக்கம் ஆங்கிலேயர் காலத்தில் புழங்கிய ஸ்ட்ரெய்ட்ஸ் டாலர் கிடந்தால் அது செட்டியார்களின் மலாயாத் தொழிலின் தடமாக இருக்கக்கூடும். 1903-இல் 26.95 கிராமாக வந்த அந்த டாலரை 1907-இல் சுமார் 20 கிராமாகக் குறைத்தார்கள். ஒரு தராசே போதும், ஆண்டை நெருங்கிவிடலாம். புதுக்கோட்டை சமஸ்தானத்தின் அம்மன் காசு செம்பு. அதையும் குப்பை என்று எறிந்துவிடாதீர்கள்.

கீழடியில் 2021-இல் கிடைத்த வெள்ளி முத்திரைக் காசு (சின்னங்கள் குத்திய பழங்காலக் காசு), எந்தக் குழியில் எந்த ஆழத்தில் இருந்தது என்று தெரிவதால்தான் வரலாற்றுக்குச் சான்றாகிறது. அதே காசு ஒருவர் சட்டைப்பையில் வந்திருந்தால் சில கிராம் வெள்ளி, அவ்வளவுதான்.

புளி, எலுமிச்சை, விபூதி, பற்பசை எதையும் காசைத் தொட விடாதீர்கள். ஒட்டிய மண்ணோடு காசை, காய்ச்சி வடித்த நீரில் ஊறப்போட்டு, தினமும் நீரை மாற்றி, இளகியதை மென்மையான தூரிகையால் தள்ளினால் போதும். பச்சைப் படிவு கலப்புச் செம்பிலிருந்து வருவது. சுரண்டினால் எழுத்தும் சேர்ந்து போகும். பிவிசி உறையில் வைத்தால் நாளடைவில் பிசுபிசுப்பான பச்சைக் கறை படியும். காகித உறையே நல்லது.

இனிச் சட்டம். 1878-ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்து கிடந்த, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதைக் கண்டெடுத்தாலும் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். ஒரே ஒரு வெள்ளி ரூபாயும் இதில் அடங்கும். என்ன பொருள், எவ்வளவு அல்லது உத்தேச மதிப்பு, எந்த இடம், எந்தத் தேதி என்று எழுதி, பொருளை அருகிலுள்ள அரசுக் கருவூலத்தில் ஒப்படைக்கவோ அதற்கு ஜாமீன் கொடுக்கவோ வேண்டும். ஆட்சியர் அறிவிப்பு வெளியிட்டு, நான்கு மாதத்துக்குக் குறையாமலும் ஆறு மாதத்துக்கு மேற்படாமலும் ஒரு நாள் குறித்து விசாரிப்பார். உரிமையாளர் இல்லாப் பொருள் என்று முடிவானால், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது நாலில் மூன்று பங்கு கண்டெடுத்தவருக்கு, ஒரு பங்கு நிலத்துக்காரருக்கு. அரசே எடுத்துக்கொள்வதானால் உலோக மதிப்போடு அதில் ஐந்தில் ஒரு பங்கு கூட்டித் தர வேண்டும். மறைத்தால் பங்கும் போய், ஓராண்டு வரை சிறையும் உண்டு. நூறு ஆண்டுக்குள் புதைத்தது என்றால் வாரிசுகள் உரிமை கோரலாம். பங்காளிகள் பல ஊர்களில் சிதறிக் கிடக்கும் நம் வீடுகளில் இது சாதாரணச் செய்தியல்ல. எல்லோரிடமும் எழுத்தில் சம்மதம் வாங்காமல் மனைக்குள் இறங்குவதே தவறு. திருமயம் கோட்டை போன்ற பாதுகாக்கப்பட்ட சின்னங்களின் எல்லைக்குள் அனுமதியின்றித் தோண்டுவதைப் பற்றிப் பேச்சே இல்லை. நூறு ஆண்டு கடந்த காசு 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைப் பொக்கிஷங்கள் சட்டப்படி தொல்பொருள். வெளிநாட்டு உறவினருக்குப் பரிசாகக்கூட அனுப்பக் கூடாது.

சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்ட ஆட்சியர்கள் ஒன்று செய்ய வேண்டும். மேற்சொன்ன நான்கு விவரங்களைக் கேட்கும் தமிழ்ப் படிவம் ஒன்றை ஒவ்வொரு வட்டாட்சியர் அலுவலகத்திலும் வைக்க வேண்டும். அதிலேயே நாலில் மூன்று பங்கு கண்டெடுத்தவருக்கு உண்டு என்ற விதியையும் அச்சிட்டு, கொடுத்தவருக்குத் தேதி முத்திரையிட்ட ரசீது தர வேண்டும்.

இப்படிக்கு,
நாணயச் சேகரிப்பாளர் ஒருவர்,
காரைக்குடி