பணித்தளத்தை விட்டு இறங்குவது கீழ்ப்படியாமை அல்ல: செயற்குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய செயற்குழு ஐயாமார்களுக்கும் அம்மாமார்களுக்கும், கிறிஸ்து இயேசுவின் நாமத்தில் ஸ்தோத்திரம்.

மேற்கு நேபாளப் பணித்தளத்திலிருந்து எழுதுகிறேன். எல்லா மிஷனெரிகளுக்கும் நீங்கள் அனுப்பிய சுற்றறிக்கை எங்களுக்கும் வந்து சேர்ந்தது. மருத்துவக் காரணமானாலும் சரி, எழுத்து மூலம் அனுமதி வாங்காமல் யாரும் பணித்தளத்தை விட்டு இறங்கக் கூடாது என்று எழுதி, அதற்குக் கீழே பலியைப் பார்க்கிலும் கீழ்ப்படிதல் உத்தமம் என்ற வசனத்தையும் போட்டிருக்கிறீர்கள். யாரை மனதில் வைத்து எழுதினீர்கள் என்று உங்களுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். கேட்க வேண்டியதை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். மருத்துவக் காரணத்துக்கும் அனுமதி வேண்டும் என்ற அந்த வரியைத் திரும்பப் பெறுங்கள். உயிருக்கு ஆபத்து என்றால் உடனே இறங்கலாம், பிறகு தெரிவித்தால் போதும் என்று எழுத்தில் தாருங்கள்.

மகளுக்குக் காய்ச்சல் வந்தது மழைக்காலத்தில். ஹெல்த் போஸ்டில் இருந்த சிஸ்டர் அவள் சட்டையைத் தூக்கி, மூச்சு விடும்போது விலா எலும்புக்குக் கீழே குழி விழுவதை எனக்குக் காட்டி, இது நிமோனியா, இங்கே ஆக்ஸிஜன் இல்லை, இன்றைக்கே கீழே சுர்க்கேத் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள் என்றார். சிக்னல் மேட்டில்தான் கிடைக்கும். என் கணவர் மழையில் ஏறிப்போய் உங்களுக்குப் போன் செய்தார். ஜெபித்துவிட்டுச் சொல்கிறோம் என்று பதில் வந்தது. மறுபடி ஏறினார். பொறுப்பாளர் பயணத்தில் இருக்கிறார் என்றார்கள். மூன்றாம் முறை, விசுவாசத்தில் உறுதியாயிருங்கள், ஏற்கெனவே ஆள் குறைவு, இப்போது இறங்கினால் பணித்தளம் என்ன ஆகும் என்று கேட்டார்கள். அதற்குள் அவள் உதடு நீலம் பாயத் தொடங்கிவிட்டது. அனுமதி இல்லாமல்தான் இறங்கினோம், ஆமாம்.

சாலை மண்சரிவில் போயிருந்தது. சபைச் சகோதரர்கள் அவளை டோக்கோ கூடையில் உட்காரவைத்து, மேலே பிளாஸ்டிக் தாள் போர்த்தி, ஒருவர் மாற்றி ஒருவர் முதுகில் சுமந்து அந்தச் சரிவைக் கடந்தார்கள். அந்தப்பக்கம் ஒரு ஜீப் கிடைத்தது. ஜீப்புக்கும் ஆஸ்பத்திரிக்கும் பணம்? அந்த மாதப் படி எங்களுக்கு இன்னும் வரவில்லை. ஒரு விதவைத் தாய், இந்தியாவில் காவலாளி வேலை பார்க்கும் மகன் அனுப்பிவைத்த ரூபாயை முந்தானையிலிருந்து அவிழ்த்து என் கையில் வைத்தார். எண்ணிக்கூடப் பார்க்கவில்லை. யாருக்கு நற்செய்தி சொல்ல எங்களை அனுப்பினீர்களோ அவர்கள்தான் எங்கள் பிள்ளையைக் காப்பாற்றினார்கள். அவள் இப்போது நன்றாயிருக்கிறாள், கர்த்தருக்கு ஸ்தோத்திரம். ஆனால் ஆஸ்பத்திரியில் அவள் மூக்கில் குழாயோடு படுத்திருந்தபோது உங்களிடமிருந்து வந்த முதல் செய்தி, ஏன் அனுமதி பெறவில்லை என்ற விளக்கக் கேள்வி. அதை நான் மன்னித்துவிட்டேன், ஆனால் மறக்க முடியவில்லை.

கீழ்ப்படிதலை நாங்கள் லேசாக எண்ணுகிறோம் என்று தயவுசெய்து நினைக்காதீர்கள். இங்கே 2018 ஆகஸ்டிலிருந்து நடைமுறையில் இருக்கும் குற்றவியல் சட்டம் என்ன சொல்கிறது என்று தெரிந்துதான் வந்தோம்: ஒருவரை மதம் மாற்றினார் என்று தீர்ப்பானால் 5 ஆண்டு வரை சிறை, 50,000 ரூபாய் வரை அபராதம், அந்நியராக இருந்தால் தண்டனை முடிந்து 7 நாட்களுக்குள் நாடுகடத்தல். தெரிந்தும் வந்தோம், ஏனென்றால் கர்த்தர் போ என்றார். எங்கே போகிறோம் என்று அறியாமல் ஆபிரகாம் புறப்பட்டது போலத்தான் நாங்களும் புறப்பட்டோம், அந்த முடிவுக்காக ஒருநாளும் வருத்தப்பட்டதில்லை. அன்றைக்கு அந்தச் சேற்றில் நடந்ததும் அவரை நம்பித்தான். சிஸ்டர் வாயால் அவர் எங்களுக்குச் சொன்னார், நாங்கள் கீழ்ப்படிந்தோம். நான் அதை அப்படித்தான் பார்க்கிறேன். தேவனுக்குக் கீழ்ப்படிவதும் அலுவலகத்துக்குக் கீழ்ப்படிவதும் பல நாட்களில் ஒன்றாகவே இருக்கும், இருக்கவும் வேண்டும். அன்றைக்கு ஒன்றாக இல்லை.

பிலிப்பியர் நிருபத்தில் வரும் எப்பாப்பிரோதீத்துவை நினைத்துப் பாருங்கள். பிலிப்பி சபை அவனைப் பவுலுக்கு உதவியாக அனுப்பியது. அவன் மரணத்துக்குச் சமீபமாகும் அளவுக்கு வியாதிப்பட்டான். பவுல் சிறையில் இருந்தவர், பக்கத்தில் ஆள் தேவைப்பட்டவர். அப்படியிருந்தும் அவனை ஊருக்குத் திருப்பி அனுப்பினார். ஏன் திரும்பி வந்தாய் என்று யாரும் கேட்டுவிடக் கூடாதே என்றுதானோ என்னவோ, அவனைச் சந்தோஷமாய் ஏற்றுக்கொள்ளுங்கள், இப்படிப்பட்டவர்களைக் கனமாய் எண்ணுங்கள் என்று கடிதத்திலேயே எழுதிவைத்தார். ஆள் குறையுமே என்று அவர் ஒரு வரிகூட எழுதவில்லை.

தூரத்தில் இருந்துகொண்டு சட்டம் போடுகிற பழக்கம் நம்மிடம் தொடங்கியதல்ல. டென்மார்க் மிஷன் தரங்கம்பாடிக்கு அனுப்பிய மிஷனெரி சீகன்பால்கு உடல் நொறுங்கிக் கிடந்த காலத்தில், மிஷனெரிகள் அப்போஸ்தலரைப் போல ஏழைகளாய் அலைந்து ஊழியம் செய்யவேண்டும் என்று கோபன்ஹேகனிலிருந்து மிஷன் செயலர் வென்ட் கடிந்து எழுதிக்கொண்டிருந்தார். சீகன்பால்கு 1719 பிப்ரவரி 23 அன்று, 36 வயதில் இறந்தார். அவரை நாம் மேடைக்கு மேடை பேசுகிறோம், அந்தக் கடிதங்களைப் பற்றிப் பேசுவதில்லை. வங்காளத்துக்கு மிஷனெரியாக வந்த வில்லியம் கேரியின் மனைவி டாரதி இந்தியாவுக்கு வர முதலில் மறுத்தவர், கடைசி நேரத்தில் சகோதரியும் கூட வந்ததால் 1793-ல் கப்பல் ஏறியவர். அடுத்த ஆண்டே ஐந்து வயது மகன் பீட்டரை வங்காளத்தில் அடக்கம் செய்தார்கள். டாரதியின் மனம் கலங்கியது, 1807-ல் இறக்கும்வரை தெளியவில்லை. கேரியின் கீழ்ப்படிதலைப் பற்றி எத்தனை பிரசங்கம் கேட்டிருக்கிறோம், அந்த அம்மாவுக்காக ஒரு நிமிடம் யாராவது நின்றிருக்கிறோமா? மனைவிமாரிடம் யாரும் கேட்பதே இல்லை. கணவர் அர்ப்பணித்தால் மனைவியும் அர்ப்பணித்ததாக எழுதிக்கொள்கிறீர்கள்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். ஞானஸ்நானப் படங்களை ஊர்ப் பெயரோடு பத்திரிகையிலும் வாட்ஸ்அப்பிலும் போடாதீர்கள் என்று எத்தனை முறை கேட்டோம்! எங்களை நாடுகடத்தினால் நாங்கள் ஊருக்கு வந்து சேர்வோம். டோக்கோ சுமந்த அந்தச் சகோதரர்கள் எங்கே போவார்கள்? மிஷனெரி ஞாயிறு காணிக்கை கூடவேண்டும் என்பதற்காக அவர்கள் முகத்தைக் காட்டுவதை விசுவாசம் என்று எந்தக் கணக்கில் சேர்ப்பது?

கோபத்தில் எழுதுகிறேன் என்று தெரிகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். உங்களில் பலர் எங்களுக்காக முழங்கால் தேய ஜெபிக்கிறவர்கள், அதை நாங்கள் அறிவோம், அந்த ஜெபத்தால்தான் நிற்கிறோம். அதனால்தான் வேறு யாரிடமும் போகாமல் உங்களிடமே கேட்கிறேன். சுற்றறிக்கையின் அந்த வரியை எடுத்துவிடுங்கள். உயிர் ஆபத்தில் அனுமதி தேவையில்லை என்று எழுத்தில் தாருங்கள். மலையில் இருக்கும் ஒவ்வொரு குடும்பத்தின் கையிலும், ஒரு ஜீப்புக்கும் முதல் இரண்டு நாள் ஆஸ்பத்திரிச் செலவுக்கும் ஆகிற பணத்தை முன்கூட்டியே கொடுத்துவையுங்கள், செலவானால் ரசீது அனுப்புகிறோம். அந்தத் தாய் கொடுத்த பணத்தைத் திருப்பிக் கொடுக்கவும் ஏற்பாடு செய்யுங்கள், எங்கள் படியில் பிடித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

அடுத்த மழைக்காலம் தொடங்குவதற்கு முன்னால் பதில் வேண்டும் ஐயா. இந்த மலைகளில் இன்னும் கைக்குழந்தைகளோடு குடும்பங்கள் இருக்கின்றன.

கிறிஸ்துவின் பணியில்,
நேபாளப் பணித்தளத்திலிருந்து உங்கள் சகோதரி