மண்ணுக்குள் வாழும் பாம்புகளை எங்களுக்குத் தமிழில் காட்டுங்கள்

மலையகத் தோட்டங்களில் பாம்புக்கடி விழிப்புணர்வுக்கும் வனவிலங்குப் பாதுகாப்புக்கும் பொறுப்பான அதிகாரிகளுக்கு,

வணக்கம். பாம்புகளை அடையாளம் காட்டும் படப் பதாகைகள் தமிழில் வேண்டும் என்று எங்கள் பாடசாலையும் தோட்டத்துத் தலைவர்மாரும் முன்பே உங்களுக்கு எழுதியிருக்கிறோம். பழைய கதையைத் திரும்பச் சொல்லவில்லை. போன மாதம் நடந்ததை மட்டும் கேளுங்கள்.

தோட்டத்தின் மேல் பிரிவான மேல்கணக்கில் புல் சுரண்டிக்கொண்டிருந்த ஒரு அக்காவின் சுரண்டியோடு, மண்ணும் வேருமாக ஒரு பாம்பு வெளியே வந்தது. விரல் தடிப்பு, ஒரு சாண் நீளம், வால் வெட்டிவிட்டதுபோல் மொட்டை. தூக்கி எறியப் போனபோது அது விரலைச் சுற்றிக்கொண்டு வால் நுனியால் குத்தியது. “இருதலைப் பாம்பு, ரெண்டு பக்கமும் விஷம்” என்று யாரோ கத்த, பயத்தில் பின்வாங்கியவர் வடிகானுக்குள் விழுந்தார். மணிக்கட்டு முறிந்தது. பாம்பைக் கல்லால் நசுக்கி ஷொப்பிங் பையில் போட்டார்கள். கடியே படாத கையைச் சீலைத் துண்டால் இறுக்கிக் கட்டி, கொழுந்து லொறியில் ஏற்றினார்கள். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது விரல்கள் நீலம் பாரித்திருந்தன.

அன்றைக்கு அவருக்கு அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம்தான். கை மாவுக்கட்டில் இருந்த நாட்களுக்கு அதுவும் இல்லை. வேலைக்கு வராதவருக்குப் பேர் போட முடியாது என்பது நிர்வாகத்தின் பதில். மாவுக்கும் பருப்புக்கும் கடையில் கடன் கொப்பி நீண்டது. அவருடைய மகள் என் வகுப்பில் படிக்கிறாள். தண்ணீர் எடுப்பதும் தம்பியைப் பார்ப்பதும் அவள் பொறுப்பாகிவிட்டதால், அந்த நாட்களில் பள்ளிக்கூடத்துக்கே வரவில்லை. இத்தனைக்கும் காரணமான பாம்பு மனிதரைக் கடிக்கிற பாம்பே இல்லை. விஷமும் அதற்குக் கிடையாது.

ஆஸ்பத்திரிச் சுவரில் பாம்புப் படங்களோடு ஒரு பதாகை தொங்கியதை நான் பார்த்தேன். சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதியிருந்தது. அதிலும் இந்த மண் பாம்பின் படம் இல்லை.

உங்கள் துறைக்குத் தெரிந்த விஷயம்தான், ஆனாலும் தமிழில் ஒருமுறை எழுதிவைக்கிறேன். அது கேடயவால் பாம்பு. உலகத்திலேயே இந்தியத் தீபகற்பத்திலும் இலங்கையிலும் மட்டும்தான் இந்தக் குடும்பம் இருக்கிறது. கூர் மூக்கால் மண்ணைத் துளைத்துப் போகும். முன் உடம்பின் தசைகள்தான் தள்ளுகிற வேலையைச் செய்கின்றன. வாலின் சொரசொரப்பான தட்டில் மண் ஒட்டிக்கொள்ளும், பின்னால் துரத்தி வருகிற எதிரிக்கு அதுவே அடைப்பு. சாப்பாடு மண்புழு. முட்டையிடாமல் குட்டி போடும். பிடித்தால் விரலைச் சுற்றும், வாலால் அழுத்தும், அவ்வளவுதான். 2011இல் இந்தக் குடும்பத்தில் உலகத்துக்கே புதிதான ஓர் இனத்தை ராகலைக்கு அருகே ஹரஸ்பெத்தவில் இருந்து விவரித்தார்கள். நாங்கள் தினமும் மண்வெட்டி போடுகிற மலைநாட்டில் கிடைத்த பாம்பு அது. அந்தச் செய்தியை எங்கள் பிள்ளைகளுக்குத் தமிழில் யாரும் சொல்லவில்லை என்பது எனக்கு ஆறாத வருத்தம்.

பூந்தொட்டியில் மண்புழுபோல் நெளிகிற குருட்டுப் பாம்பையும் காதுக்குள் புகுந்துவிடும் என்று பயந்து கொல்கிறார்கள். அது எறும்பு, கறையான் முட்டைகளைத் தின்று வாழ்கிறது. வீட்டுப் பக்கம் அதிகம் காணப்படும் இனத்தில் ஆணே கிடையாது. பெண் மட்டும் தனியே இனம் பெருக்கி, தொட்டி மண்ணோடு உலகம் முழுக்கப் போயிருக்கிறது. கொஞ்சம் கீழ்ப்பகுதித் தோட்டங்களில் இன்னொன்று, தலையை உடம்புக்கடியில் ஒளித்துக்கொண்டு, தட்டையான வாலைத் தூக்கி நாகம் படமெடுப்பதுபோல் காட்டும். அந்த நடிப்பே அதற்கு எமனாகிறது.

இன்னொரு தொல்லை தமிழ்நாட்டிலிருந்து கைபேசி வழியாக வருகிறது. மண்ணுளிப் பாம்பு லட்சக்கணக்கில் விலைபோகும் என்று நம்பி, இளைஞர்கள் சிலர் இந்தச் சின்னப் பாம்புகளைப் போத்தலில் அடைத்துவைத்து விலை கேட்கிறார்கள். அங்கே சொல்லப்படும் செம்மண்ணுளி இலங்கையிலேயே இல்லை. அதன் உறவுக்காரப் பாம்பு ஒன்று வடக்கின் வறண்ட நிலத்தில் உண்டு, எங்கள் மலையில் கிடையாது. அந்த விலைக்கதையும் வெறும் புரளி. இதையும் நீங்கள்தான் தமிழில் சொல்ல வேண்டும்.

பயப்பட வேண்டிய பாம்பும் இதே தேயிலைக்கு அடியில்தான் இருக்கிறது. கோப்பி விரியன் என்கிற விஷப் பாம்பு கடித்தால் சிலருக்குச் சிறுநீரகம் பாதிக்கப்படும், உயிரும் போயிருக்கிறது. இந்தியாவிலிருந்து வருகிற விஷமுறிவு மருந்து அதற்கு வேலை செய்வதில்லை. மண் பாம்புக்கும் கோப்பி விரியனுக்கும் வித்தியாசம் தெரியாத ஒருவரை அட்டையும் சேறுமான மலைக்கு அனுப்பிவிட்டு, “கவனமாக வேலை செய்யுங்கள்” என்று காலையில் வேலை பிரித்துக் கொடுக்கிற பிரட்டுக்களத்தில் சொல்வதில் என்ன பயன்? எதைக் கவனிப்பது என்று யார் சொல்லித் தந்தார்கள்?

1987இல் தமிழும் அரச கரும மொழி என்று அரசியலமைப்பில் எழுதினார்கள். மருந்துப் போத்தல், பேருந்துப் பலகை, மண்சரிவு எச்சரிக்கை என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் கெஞ்சித்தான் அந்த உரிமையை வாங்க வேண்டியிருக்கிறது. 200 வருடமாக இந்த மண்ணைக் கொத்துகிறவர்களுக்கு, அந்த மண்ணில் என்ன வாழ்கிறது என்று சொல்வதற்குக்கூட அவர்கள் மொழி கடைசியில்தானா வர வேண்டும்? கோபமாக எழுதிவிட்டேன் என்றால் பொறுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பிள்ளையின் காலியான இருக்கையைப் பார்த்துக்கொண்டு பாடம் நடத்தியவள் நான்.

கேட்பது பெரிய செலவில்லை. ஒவ்வொரு பிரட்டுக்களத்திலும், தோட்ட டிஸ்பென்சரியிலும், பாடசாலையிலும் தமிழில் ஒரு படப் பதாகை வேண்டும். மண் பாம்பு, குருட்டுப் பாம்பு, கோப்பி விரியன், பச்சை விரியன் எல்லாம் அதில் இருக்கட்டும். கடித்தால் இறுக்கிக் கட்டாதீர்கள், பாம்பை அடித்துக் கொண்டுவராதீர்கள், முடிந்தால் தள்ளி நின்று படம் எடுங்கள் என்று பெரிய எழுத்தில் போடுங்கள். தமிழ் வாசகங்களைச் சரிபார்க்க எங்கள் ஆசிரியர்கள் சம்பளம் இல்லாமல் உதவத் தயார். தேயிலைச் செடிகளை வெட்டிவிடுகிற அடுத்த கவ்வாத்துக்கு முன்னால் வந்தால் நல்லது, அப்போதுதான் ஆட்கள் அதிகமாக மண்ணைக் கிளறுவார்கள். தயவுசெய்து இந்தமுறை ஒரு தேதி சொல்லிப் பதில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
மலையகத் தோட்டப் பாடசாலை ஒன்றின் விஞ்ஞான ஆசிரியை