விசாரணை அதிகாரிகளுக்கு, கேமரா மாட்டுகிறவன் எழுதும் திறந்த மடல்

ஐயா, அம்மா, வணக்கம்.

செவ்வாய்ப்பேட்டைக் கடைகளிலும் ஏற்காட்டுத் தங்கும் விடுதிகளிலும் சிசிடிவி மாட்டுவது என் தொழில். திருட்டோ விபத்தோ நடந்தால் நீங்கள் முதலில் தேடுவது கேமரா பிடித்ததெல்லாம் பதிவாகும் எங்கள் டிவிஆர் பெட்டியைத்தான். ஆனால் அந்தப் பதிவை எடுத்துப் போகிற விதத்தைப் பார்த்தால் பல நேரம் வயிறு எரிகிறது.

நான் பார்த்த சில இடங்களில் நடந்தது இதுதான்: மானிட்டரில் ஓடவிட்டு, அதைச் செல்போனில் படம் பிடித்து, வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, "சரி, தேவைப்பட்டா வர்றோம்" என்று கிளம்பிவிடுவது. ஆளைத் தேட அது உதவும். கோர்ட்டுக்குப் போதாது. டிவிஆரில் ஹார்டு டிஸ்க் நிறைந்ததும் பழைய பதிவின் மேலேயே புதியது ஏறிவிடும். சின்னக் கடைகளில் இரண்டு வாரமோ ஒரு மாதமோ தாங்கினால் பெரிது. நீங்கள் திரும்பி வரும்போது அசல் இருக்காது.

மின்னணுப் பதிவின் நகலுக்குச் சான்றிதழ் கட்டாயம் என்று 2020இல் அர்ஜுன் பண்டித்ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகவே சொல்லிவிட்டது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தில் 63ஆவது பிரிவு, அட்டவணையில் படிவத்தையே கொடுத்திருக்கிறது: ஒரு பகுதி கருவியைப் பொறுப்பில் வைத்திருப்பவர் தரப்பில், இன்னொன்று நிபுணர் தரப்பில், இரண்டிலும் கோப்பின் ஹேஷ் மதிப்பு, அதாவது கோப்பிலிருந்து கணக்கிட்டு எடுக்கும் அடையாள எண். கோப்பில் துளி மாறினாலும் அந்த எண் மாறிவிடும். வாட்ஸ்அப் வீடியோவைச் சுருக்கித்தான் அனுப்பும், அப்புறம் அசலோடு எப்படி ஒத்துப்போகும்?

நம்ம ஓமலூர்ப் பையன் கோகுல்ராஜ் வழக்கை நினைத்துப் பாருங்கள். 2015இல் நடந்த கொலை. முக்கிய சாட்சி பிறழ்ந்த பிறகும் திருச்செங்கோடு மலைக்கோயில் கேமரா பதிவு வழக்கைத் தாங்கி நின்றது. மதுரைச் சிறப்பு நீதிமன்றம் 2022இல் முதல் குற்றவாளிக்கு விதித்த ஆயுள் தண்டனையை அடுத்த ஆண்டே உயர் நீதிமன்றம் உறுதி செய்தது. அந்தப் பதிவு யாரோ ஒருவர் செல்போனில் மட்டும் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கவே பயமாக இருக்கிறது.

சான்றிதழ் இருந்தால் பதிவு உள்ளே போகும், அவ்வளவுதான். எவ்வளவு நம்பலாம் என்பதை நீதிபதி அதற்குப் பிறகுதான் பார்ப்பார். அங்கே எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் பிடிப்பது கடிகாரத்தை. பெட்டிக்குள் இருக்கும் சின்ன பேட்டரி செத்துப்போனால், கரன்ட் போய் வரும்போதெல்லாம் தேதியும் நேரமும் தாறுமாறாகும், மழைக்காலத்தில் ஏற்காட்டில் இதற்கென்றே என்னைக் கூப்பிடுவார்கள். அதனால் மகஜர், அதாவது பதிவைக் கைப்பற்றியதற்கான குறிப்பு, எழுதும்போது டிவிஆர் காட்டும் நேரம் இது, உண்மையான நேரம் இது என்று பக்கத்தில் பக்கத்தில் ஒரு வரி எழுதுங்கள். ஒரு நிமிட வேலை அது.

கடைக்காரர்கள் கையெழுத்துப் போடத் தயங்குவது உண்மைதான். கோர்ட்டுக்கு அலையவிடுவார்கள் என்ற பயம், பெட்டியையே தூக்கிப் போனால் கடைக்குக் காவல் இல்லையே என்ற கவலை. எதற்குக் கையெழுத்து, சாட்சிக் கூண்டில் என்ன கேட்பார்கள் என்று உட்கார்ந்து சொன்னால் கேட்பார்கள். படிவத்தைத் தமிழில் அச்சடித்து ரோந்து போகிறவர்கள் கையில் கொடுத்துவிடுங்கள். பதிவைப் பார்த்த அன்றைக்கே பென்டிரைவில் நேராக எடுத்து, அங்கேயே ஹேஷ் போட்டு, கடைக்காரருக்கும் ஒரு நகல் கொடுங்கள். எடுக்கத் தெரியவில்லை என்றால் பெட்டியை மாட்டியவனைக் கூப்பிடுங்கள். ராத்திரியானாலும் வருகிறோம்.