எரிந்தால் வேலை செய்கிறது என்று யார் சொன்னது?

ராணிப்பேட்டை,
ஞாயிறு மாலை

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் கிடைத்தது. அண்ணனுக்குக் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்ததில் எங்கள் எல்லோருக்கும் நிம்மதி. ஆடிக் கிருத்திகைக்கு இரத்தினகிரி போய்வந்தோம். என் மாமியார் முழங்கால் வலியோடு படியேறினார். இறங்கி முடிக்கும்வரை வலி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆவணி பிறந்தும் வெயில் குறைந்தபாடில்லை. சாயங்காலம் ஒரு மழை பெய்கிறது, மறுநாள் காலையில் பழையபடி சுள்ளென்று அடிக்கிறது.

உன் மகளைப் பற்றி, "டோனர் என்று ஏதோ போடுகிறாளாம், அது நல்லதா, நானும் வாங்கலாமா" என்று ஒற்றை வரியில் கேட்டிருந்தாய். முகம் கழுவிய பிறகு தடவிக்கொள்ளும் தண்ணீர் போன்ற திரவம்தான் டோனர். அவள் போன ஞாயிறு காட்பாடி விடுதியிலிருந்து இங்கே வந்திருந்தாள். படிப்பு, சாப்பாடு எல்லாம் குறையில்லை. முகம்தான் எனக்குப் பிடிக்கவில்லை. இரண்டு கன்னத்திலும் தோல் மெல்லிய செதிலாக உரிந்திருந்தது, மூக்கோரம் சிவந்திருந்தது, நெற்றிப் பருக்களோ அப்படியே இருந்தன. என்ன போடுகிறாய் என்று கேட்டேன். பையிலிருந்து எல்லாவற்றையும் எடுத்து மேசைமேல் வைத்தாள். விடுதியில் குளிக்கிற சோப்பு, 7 சதவீத கிளைக்காலிக் அமிலம் உள்ள டோனர், பருவுக்கு அடாபலீன் ஜெல். டோனர் காலையும் இரவும், அதன்மேல் இரவில் ஜெல். மாய்ஸ்சரைசர் கிடையாது, சன்ஸ்கிரீன் கிடையாது. "எரிகிறது பெரியம்மா, ஆனால் எரிந்தால்தான் வேலை செய்கிறது என்று அர்த்தமாம்" என்றாள். எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

எங்கள் தோல் தொழிற்சாலை ஆய்வகத்திலிருந்து கொண்டுவந்த பிஎச் தாள் வீட்டில் இருந்தது. பிஎச் என்பது ஒரு பொருள் அமிலமா காரமா என்று காட்டும் அளவு: 7 நடுநிலை, அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். டோனரில் ஒரு சொட்டு விட்டுக் காட்டினேன். தாள் ஆரஞ்சு நிறமானது, 4-க்குப் பக்கம். பிறகு அவளுடைய சோப்பை நனைத்துக் கையில் நுரைத்து அதில் இன்னொரு தாளை வைத்தேன். கண்ணெதிரே நீலமாக மாறியது, ஏறக்குறைய 10. நம் முகத்தோலின் மேற்பரப்பு இயல்பாக 4.5-இலிருந்து 5.5-க்குள் இருக்க வேண்டியது. ஒரு முறை முகம் கழுவுவதில் அந்தப் பிள்ளை தன் தோலை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் இழுத்தடித்துக்கொண்டிருக்கிறாள். இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தொழிற்சாலையில் எனக்கு நாள் முழுக்க இதே வேலைதான். விலங்கின் பச்சைத் தோல் முதலில் சுண்ணாம்பில் ஊறும். அங்கே பிஎச் 12-ஐத் தாண்டும். தோல் உப்பி, மயிர் கழன்றுவிடும். பிறகு சுண்ணாம்பை நீக்கி 8 அளவுக்கு இறக்குவோம். இறங்கிவிட்டதா என்று பார்க்க ஓரத்தில் ஒரு துண்டை வெட்டி, வெட்டுவாயில், காரம் பட்டால் இளஞ்சிவப்பாகும் பினால்ப்தலீன் ஒரு சொட்டு விடுவோம். நடுவில் இளஞ்சிவப்புக் கோடு தெரிந்தால் உள்ளே இன்னும் சுண்ணாம்பு தங்கியிருக்கிறது என்று பொருள். அடுத்து உப்பும் கந்தக அமிலமும் சேர்த்து 3-க்குப் பக்கத்தில் கொண்டுபோவோம், அதன்பிறகுதான் தோலைப் பதனிடும் குரோம் உப்பு. இப்படி ஏற்றி இறக்குவதை அது தாங்கும், ஏனென்றால் அதில் உயிர் இல்லை. முகத்தில் இருப்பது உயிருள்ள தோல். அதன் மேலடுக்கில் ஈரத்தைப் பிடித்துவைக்கும் கொழுப்புகளை உண்டாக்குகிற நொதிகள் அந்த இலேசான அமிலத்தில்தான் ஒழுங்காக வேலை செய்யும். சோப்புப் போட்டால் பிஎச் ஏறுகிறது. ஆரோக்கியமான தோல் சில மணி நேரத்தில் அதைத் தானே இறக்கிக்கொள்கிறது. அதற்கு அவகாசம் கொடுக்காமல் மேலும் மேலும் தாக்கினால் கன்னம் உரியாமல் என்ன செய்யும்?

அதனால் டோனர் வேண்டுமா என்ற கேள்விக்கு முன்னால், எதைக் கொண்டு முகம் கழுவுகிறோம் என்று பார்க்க வேண்டும். டோனர் முதலில் வந்ததே கழுவிய பிறகு மிச்சமிருப்பதைத் துடைத்தெடுக்கத்தான். நம் பக்கத்து போர்வெல் தண்ணீர் உனக்குத் தெரியாததா! பாத்திரத்தில் வெள்ளை வெள்ளையாகப் படிகிறதே, அந்தக் கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்தால் கரையாத பிசுக்காகி முகத்திலும் தங்கும். அப்படிக் கழுவுகிறவர்களுக்கு டோனரால் பலன் உண்டு. ஆனால் சோப்பைவிட்டு மென்மையான ஃபேஸ்வாஷுக்கு மாறிவிட்டால் அந்தப் பிசுக்கே வராது. அங்கே டோனர் கட்டாயமில்லை. கட்டாயம் என்று விளம்பரம் சொன்னாலும் நம்பாதே.

இதில் டோனர் என்று ஒரே பெயரில் விற்பவை ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாதவை. கிளிசரின், ஹையலூரானிக் அமிலம் போன்றவை சேர்ந்தது ஈரம் கொடுப்பதற்கு. கிளைக்காலிக், லாக்டிக், சாலிசிலிக் அமிலங்கள் உள்ளது இறந்த செல்களை உரித்தெடுப்பதற்கு. மூன்றாவது பழைய வகை, ஆல்கஹாலும் துவர்ப்புச் சத்தும் சேர்ந்தது. போட்டதும் முகம் சிலீரென்று இறுகும். அந்த இறுக்கம் எனக்கு நன்றாகவே தெரிந்த சங்கதி. குரோம் வருவதற்கு முன் இங்கே ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுத்தான் தோல் பதனிட்டார்கள். அவற்றில் இருக்கும் டானின் புரதத்தைப் பிடித்து இறுக்குகிறது. துவர்ப்பு டோனர் முகத்தின் மேலடுக்கில் செய்வதும் அதில் ஒரு துளிதான். துளைகள் மூடிக்கொண்டன என்று நினைப்பது தவறு. முகத்துத் துளைகளுக்குத் திறந்து மூடுகிற தசை எதுவும் இல்லை. சாலிசிலிக் அமிலம் துளைக்குள் அடைத்திருக்கும் எண்ணெயையும் செதிலையும் தளர்த்துவதால் அவை சிறியதாகத் தெரியும், அவ்வளவுதான்.

எனக்கு உண்மையில் கோபம் வருவது இந்த எரிச்சல் விஷயத்தில். நம்முடைய மாநிறத்துக்கும் கறுப்புக்கும் ஒரு தன்மை உண்டு: தோல் எங்கே புண்பட்டாலும், எங்கே அழற்சி வந்தாலும், அந்த இடத்தில் நிறமி கூடுதலாகச் சுரந்து கருமை படியும். பரு ஆறிவிடும், தழும்பின் கருமை மாதக்கணக்கில் போகாது. ஆகவே நமக்கு எரிச்சல் ஒரு எச்சரிக்கை. கிளைக்காலிக் அமிலம் போட்ட முகத்தை வெயில் வேறு அதிகமாகத் தாக்கும். சன்ஸ்கிரீன் இல்லாமல் அதைப் போட்டுக்கொண்டு வேலூர் வெயிலில் பஸ்ஸுக்கு நிற்பது இருக்கிற கருமையைக் கூட்டத்தான் உதவும். கருமை வந்ததும் இந்தப் பிள்ளைகள் என்ன செய்வார்கள்? வெள்ளையாக்கும் கிரீம் தேடிப் போவார்கள். அதில் ஸ்டீராய்டு கலந்தவை எத்தனை முகங்களைக் கெடுத்திருக்கின்றன! மருத்துவர் சீட்டு இல்லாமல் ஸ்டீராய்டு களிம்புகளை விற்கக்கூடாது என்று 2018-இல் அரசு விதியை இறுக்கியது. ஆனாலும் கேட்டால் எடுத்துக் கொடுக்கிற கடைகள் இன்னும் இருக்கின்றன. உன் மகளிடம் இதை மட்டும் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். அவள் நிறம் உன் அம்மாவின் நிறம். அந்த முகத்தில் அந்த நிறம் எவ்வளவு அழகு என்று நமக்குத் தெரியும்.

இப்போதைக்கு அவளை டோனரையும் ஜெல்லையும் நிறுத்தச் சொல்லியிருக்கிறேன். மென்மையான ஃபேஸ்வாஷ், வாசனையில்லாத மாய்ஸ்சரைசர், பகலில் எஸ்பிஎஃப் 30-க்குக் குறையாத சன்ஸ்கிரீன். தோல் ஆறட்டும். அந்த ஜெல் தோழி சொல்லி வாங்கியதாம். அதனால் பருவை ஒரு தோல் மருத்துவரிடம் காட்டிவிட்டு மறுபடி தொடங்கினால் போதும். வேலூரில் மருத்துவருக்கா பஞ்சம்! டோனர் பாட்டிலைத் தூக்கிப் போட வேண்டாம் என்றேன், மெஸ் காசை மிச்சம் பிடித்து வாங்கியிருக்கிறாள். மருத்துவர் சரி என்றால் வாரத்தில் ஓரிரு இரவு மட்டும் போடலாம், ஜெல் போடுகிற இரவில் கூடாது. முதலில் காதுக்குப் பின்னால் சில நாள் தடவிப் பார்க்க வேண்டும்.

உன் விஷயம் வேறு. நம் வயதில் எண்ணெய்ச் சுரப்பு குறைகிறது, கழுவியதும் முகம் விறுவிறுவென்று இழுக்கிறது என்று நீயே எழுதியிருக்கிறாய். உனக்கு அமிலமும் வேண்டாம், ஆல்கஹாலும் வேண்டாம். வாங்கத்தான் வேண்டும் என்றால் கிளிசரின் உள்ளதாக வாங்கு. பாட்டிலைத் திருப்பிப் பின்பக்கம் படி. ஆல்கஹால் டினேச்சர்ட் என்று பட்டியலின் தொடக்கத்திலேயே இருந்தால் அலமாரியில் திரும்ப வைத்துவிடு. பஞ்சு தேவையில்லை. உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றி, கழுவிய ஈரம் இருக்கும்போதே ஒற்றிக்கொள். அது காய்வதற்குள் மேலே மாய்ஸ்சரைசர் தடவிவிடு. காற்று வறண்டிருக்கும்போது கிளிசரினை மட்டும் அப்படியே விட்டால் ஈரம் முகத்தில் நிற்காது. நீ இரவில் போடும் பன்னீரைக் குறை சொல்ல மாட்டேன், ஆனால் பூசைக்கு விற்கும் பன்னீரில் பல வெறும் வாசனைத் தண்ணீர். ரோஜாப்பூவிலிருந்து வடித்தது என்று பாட்டிலில் இருக்கிறதா என்று பார். முகம் அரித்தால் அதையும் விட்டுவிடு.

அவள் அடுத்த ஞாயிறும் வருகிறேன் என்றிருக்கிறாள். இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய் கிடைத்தால் எண்ணெய்க் கத்தரிக்காய் செய்து கொடுக்கிறேன். உன் தம்பி இந்தப் பக்கம் வந்தால் அவளுடைய பழைய மருத்துவச் சீட்டு ஏதாவது இருந்தால் கொடுத்தனுப்பு. தோல் மருத்துவரிடம் நானே கூட்டிப்போகிறேன். அண்ணனுக்குக் கண்ணில் சொட்டு மருந்து விட மறந்துவிடாதே.

உன்,
வசந்தி